முதல் ஆம்ப்ளிஃபயர்: எல்எம்386 ஐசியா, பிஏஎம்8403 போர்டா?

பழைய ரேடியோவில் கழற்றிய 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் போன் பாட்டைக் கேட்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். எல்எம்386 என்ற சின்ன ஆம்ப்ளிஃபயர் ஐசியை வைத்து நாமே கட்டுவது, பிஏஎம்8403 சிப் பொருத்திய போர்டை வாங்கிக்கொள்வது என்று இரண்டு வழியிலும் செய்து பார்த்தாகிவிட்டது. முதல்முறை கட்டுபவர் கேட்டால் எல்எம்386 என்றுதான் சொல்வேன்.

சத்தம் மட்டும் போதும் என்றால் தயாராக வரும் பிஏஎம்8403 போர்டை வாங்கிவிடலாம். 5 வோல்ட் போன் சார்ஜரிலேயே ஓடும், 4 ஓம் ஸ்பீக்கரில் இடது, வலது என ஒவ்வொரு பக்கத்துக்கும் 3 வாட் வரை தரும், கிளாஸ் டி (சிக்னலை வேகமாக ஆன்-ஆஃப் செய்து பெருக்கும் முறை) என்பதால் அதிகம் சூடாகாது. எல்எம்386 அதன் பக்கத்திலேயே வராது. 9 வோல்ட் கொடுத்தாலும் முக்கால் வாட்டுக்குள்தான். விலை இரண்டிலும் சொற்பம்.

ஆனால் கட்டியது பாடாமல் போனால்? முதல் தடவை அநேகமாகப் பாடாது. அங்கேதான் எல்எம்386-ஐ விட முடியவில்லை. எட்டே கால்கள். 4 கிரவுண்டு, 6 சப்ளை, 3 இன்புட், 5 அவுட்புட். பாட்டு ஓடாதபோது 5-ஆம் காலில் சப்ளையில் பாதி நிற்க வேண்டும்: 9 வோல்ட் பேட்டரி என்றால் ஏறக்குறைய 4.5. இந்த ஓர் அளவு சரியாக இருந்தால் ஐசியை விட்டுவிட்டு இன்புட் வயரையும் ஸ்பீக்கர் பக்கத்துக் கெபாசிட்டரையும் பார்க்கலாம். எனக்கு அங்கே முழு 9 வோல்ட் காட்டியது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 5-க்கும் 6-க்கும் நடுவே முடி கனத்தில் ஈயம் ஓடியிருந்தது. சுரண்டி எடுத்து, சாக்கெட்டில் வேறு ஐசியைச் செருகினேன், பாடியது. ஐசியை நேராக போர்டில் சாலிடர் செய்யாமல் சாக்கெட் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அப்புறம் ஒரு கரகரப்பு. 5-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வரிசையாகப் போட்டேன், சப்ளைக் காலை ஒட்டி 100 மைக்ரோஃபாரட் ஒன்று. நின்றுவிட்டது. 1-க்கும் 8-க்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் போட்டால் கெயின் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்கும் என்பது) 20-லிருந்து 200 ஆகும் என்று பல சர்க்யூட்களில் இருக்கும். போனுக்கு அது வேண்டவே வேண்டாம், இரைச்சல்தான் கூடும்.

பிஏஎம்8403-இல் இப்படித் தேட இடமே இல்லை. எல்லாம் அந்தப் பொடி சிப்புக்குள் முடிந்துவிடுகிறது. தாங்குவது 5.5 வோல்ட் வரைதான். மறந்துபோய் 9 வோல்ட் பேட்டரியை மாட்டினேன், போர்டு போய்விட்டது. ஸ்பீக்கரின் மைனஸை கிரவுண்டோடு சேர்க்கவும் கூடாது, இரண்டு முனையுமே அவுட்புட்தான்.

டிடிஏ2030 என்ற இன்னொரு ஆம்ப்ளிஃபயர் ஐசியை ஒரே ஒரு முறைதான் கட்டியிருக்கிறேன். பாஸ் நன்றாக இருந்தது, ஆனால் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கும் கனமான டிரான்ஸ்ஃபார்மரும் தேவைப்பட்டன. அதை வைத்துப் பெரிதாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எல்எம்386 வாங்கும்போது பெயரின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். என்-1, என்-3 இரண்டுக்கும் 12 வோல்ட்தான் எல்லை. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை 12 வோல்ட் அடாப்டர் லோடு இல்லாதபோது அதற்கு மேலேயே காட்டும். 9 வோல்ட் அடாப்டர் எடுங்கள், இல்லையென்றால் 18 வரை தாங்கும் என்-4 கேளுங்கள்.