மூன்று இன்கிரெடிபிள்ஸ் கேம்கள்: சேலத்து வீட்டு டிவிக்கு எது பொருந்தும்?

‘இன்கிரெடிபிள்ஸ் கேம்’ என்று மட்டும் கேட்டால் கைக்கு எது வரும் என்று சொல்ல முடியாது. சூப்பர்ஹீரோ குடும்பம் ஒன்றைப் பற்றிய பிக்ஸார் அனிமேஷன் படம் ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ வந்த 2004-லேயே வந்தது ஒன்று. அதன் தொடர்ச்சியாக 2005-ல் ‘ரைஸ் ஆஃப் தி அண்டர்மைனர்’ வந்தது. இரண்டாம் படத்தோடு 2018 ஜூனில் ‘லெகோ தி இன்கிரெடிபிள்ஸ்’ வந்தது. முதல் இரண்டும் ஹெவி அயர்ன் ஸ்டுடியோஸ் செய்து டிஹெச்க்யூ வெளியிட்டவை. மூன்றாவதைச் செய்தது டிடி ஃப்யூஷன், வெளியிட்டது வார்னர் பிரதர்ஸ். பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். கையடக்க கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த 2004 கேம் பக்கவாட்டில் நகரும் 2டி அடிதடி. பிஎஸ்2-ல் (பிளேஸ்டேஷன் 2) வந்ததற்கும் அதற்கும் பெயர் மட்டுமே ஒன்று. கம்ப்யூட்டருக்கு வந்த ‘வென் டேஞ்சர் கால்ஸ்’ குட்டிக் குட்டி விளையாட்டுகளின் தொகுப்பு. தாவி ஏறி விளையாட ஆசைப்பட்ட பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் முகம் வாடிவிடும்.

தாவுவதும் தப்புவதும்தான் வேண்டும் என்றால் 2004 கேமுக்கு இணை மற்ற இரண்டிலும் இல்லை. மொத்தம் 18 லெவல். யாரை வைத்து விளையாடுவது என்று நாம் முடிவு செய்ய முடியாது. கதை எங்கே போகிறதோ அங்கே அவரவர் முறை வரும். அப்பா மிஸ்டர் இன்கிரெடிபிளுக்குத் தூக்கி எறிதல், குத்து. அம்மா எலாஸ்டிகேர்ளுக்குக் கை நீட்டித் தொலைவில் இருப்பவனை அடிப்பது, பிடித்துத் தொங்கி ஊசலாடுவது. இந்த இருவரின் லெவல்கள்தான் வழக்கமான பிளாட்ஃபார்மர், அதாவது தாவி ஏறிப் போகும் வகை. மின்னலாய் ஓடும் மகன் டேஷ் பள்ளிக்கு ஓடும் லெவல் வேறு ஜாதி: நேரம் குறைந்துகொண்டே போகும், எதிரே வண்டிகள் வரும், இடமா வலமா என்று கண் முடிவு செய்வதற்குள் கை முடிவு செய்ய வேண்டும். மாலை ஆறரைக்கு ஐந்து ரோட்டைக் கடப்பவர்களுக்கு அந்தப் பதற்றம் தெரியும். அங்கே தோற்பவர்கள் பெரும்பாலும் காரைப் பார்த்து விலகுகிறவர்கள். காருக்கு அந்தப் பக்கம் இருக்கும் இடைவெளியைப் பார்த்துப் பழகினால் மூன்று நான்கு முயற்சியில் முடிந்துவிடும்.

மகள் வயலட்டின் லெவல் நேர் எதிர். மறைந்து நடக்கும் சக்தி அளவோடுதான் இருக்கும். மறைந்திருக்கும் வரை மீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கும். காவலன் கண்ணில் பட்டதும் பதறி மறைவது எல்லோரும் செய்யும் தவறு. ஒளிய இடம் இருக்கும்போது சும்மா நின்று மீட்டரை நிரப்பிக்கொண்டு, காவலன் திரும்பும் நேரத்தை எண்ணி, திறந்த வெளியைக் கடக்கும் அந்தச் சில நொடிக்கு மட்டும் மறைய வேண்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பொறுமை வராது. பெரியவர் யாராவது அந்த ஒரு லெவலைத் தாண்டிக் கொடுத்தால் குற்றமில்லை.

இந்த கேமின் உண்மையான குறை செக்பாயிண்ட், அதாவது தோற்றால் மீண்டும் தொடங்கும் இடம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே தூரம் அதிகம். கஷ்டமான தாவலில் விழுந்தால், ஏற்கெனவே அடித்து முடித்த கூட்டத்தை மறுபடி அடித்துவிட்டுத்தான் அங்கே வர முடியும். ரோபோவோடு மோதும் கட்டங்களில் இது இன்னும் உறைக்கும். படம் குழந்தைகளுக்கானது என்பதால் கேமும் அப்படித்தான் என்று நம்பி வாங்குவது சரியல்ல. பத்து வயதுக்குக் கீழே தனியாக முடிப்பது கடினம். இரண்டு பேர் விளையாடும் வசதியும் இல்லை.

இருவர் விளையாட முடியாத அந்தக் குறையை ‘அண்டர்மைனர்’ தீர்த்தது. மிஸ்டர் இன்கிரெடிபிளும் அவருடைய நண்பர் ஃப்ரோசோனும் எப்போதும் ஜோடியாகவே வருவார்கள். இரண்டாவது கன்ட்ரோலரைச் செருகினால் இருவர் விளையாடலாம். தனியாள் என்றால் இவரிலிருந்து அவருக்கு மாறிக்கொள்ளலாம். ஃப்ரோசோன் ரோபோவை உறைய வைக்க, மிஸ்டர் இன்கிரெடிபிள் உடைக்க வேண்டும். தண்ணீர் வந்தால் ஃப்ரோசோன் பனிப்பாலம் போட வேண்டும். இந்த ஒத்துழைப்பு முதல் ஒரு மணி நேரத்துக்கு அருமையாக இருக்கும். அதன் பிறகு சுரங்கம், ரோபோ, மறுபடி சுரங்கம். பிளாட்ஃபார்மர் என்பதைவிட அடிதடி என்பதே பொருத்தம். டேஷ், வயலட், எலாஸ்டிகேர்ள் மூவரையும் வைத்து விளையாடவே முடியாது. வயலட்டுக்காகக் கேட்கும் பெண் பிள்ளைக்கு இதை வாங்காதீர்கள்.

லெகோவில் தோல்வி என்பதே கிடையாது. உயிர் போனால் சேர்த்த காசுகளில் கொஞ்சம் சிதறும், அதே இடத்தில் மீண்டும் எழுந்து நிற்கலாம். அண்ணன் தங்கை, அப்பா பிள்ளை என இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவதற்கு மூன்றிலும் இதுவே முதல். ஆன்லைனில் சேர்ந்து விளையாட முடியாது என்பதால், வெளியூரில் இருக்கும் மாமா பையனோடு விளையாடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். 12 கதை லெவல்களில் முதல் ஆறு இரண்டாம் படத்துடையவை, முதல் படம் பின்னால்தான் வரும். எனவே கேமைத் தொடங்குவதற்கு முன் இரண்டு படங்களையும் பார்த்துவிடுவது நல்லது. ஒவ்வொரு லெவலிலும் தேடி எடுக்க வேண்டிய 10 மினிகிட் பொருட்கள் ஒளிந்திருக்கும். முதல் முறையே எல்லாவற்றையும் எடுக்க முயல்வது வீண். சிலவற்றுக்குத் தேவையான பாத்திரம் அப்போது கையில் இருக்காது. கதையை முடித்துவிட்டு, வேறு பாத்திரங்களோடு அதே லெவலை விளையாடும் ஃப்ரீ பிளேயில் திரும்பி வர வேண்டும். சிறுவர்கள் இங்கேதான் ‘கேம் மாட்டிக்கிச்சு’ என்று ரிமோட்டை வீசுவார்கள். மூன்றிலும் தமிழ் இல்லை. ஆனால் லெகோவில் எதை எங்கே உடைக்க வேண்டும் என்பது மின்னும் கட்டைகளைப் பார்த்தே புரியும், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் சமாளித்துவிடும். தாவல் தவறினாலும் பெரிய இழப்பு இல்லாததால், கை தேர்ந்தவருக்கு ஒரு வாரத்தில் சலித்துவிடும்.

இனி எதில் விளையாடுவது என்ற கேள்வி. லெகோ பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச், கம்ப்யூட்டர் நான்கிலும் உண்டு. பழைய இரண்டுக்கும் எளிய வழி பிஎஸ்2. அதன் தயாரிப்பு 2013 தொடக்கத்தோடு நின்றுவிட்டதால் கிடைப்பதெல்லாம் பழைய மெஷின்தான். வாங்குமுன் அடிப்பக்கம் நீலமாக இருக்கும் சிடி கேம் ஒன்றையும், வெள்ளியாக இருக்கும் டிவிடி கேம் ஒன்றையும் போட்டுப் பாருங்கள். லென்ஸ் தேய்ந்திருந்தால் ஒன்று ஓடும், மற்றது ஓடாது. டிஸ்க் நம் ஊர் மெஷினுக்கான பிஏஎல் முறையில் வந்ததுதானா என்றும் பாருங்கள். அமெரிக்க டிஸ்க் இங்கத்திய மெஷினில் ஓடாது. கம்ப்யூட்டர் டிஸ்க் வாங்க நினைப்பவர்களுக்கு: அந்தக் காலத்து டிஸ்க் கேம்கள் பலவற்றில் இருந்த, நகல் எடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டை விண்டோஸ் 10 ஏற்காது.

அம்மாபேட்டை பக்கம் தறி ஓடும் வீடு என்றால் பஞ்சுத் தூசிதான் முதல் எதிரி. பிஎஸ்2-வின் காற்றாடி அதை உள்ளே இழுக்கும்; காற்று வழி அடைத்து, சேலத்து மே மாத வெயிலும் சேர்ந்தால் மெஷின் சூடேறி நடுவில் நின்றுவிடும். தரையில் வைக்காமல் பலகை மேல், பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள். ஏற்காட்டுக்குக் கொண்டுபோய்விட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த கையோடு போடவும் கூடாது. குளிர்ந்த லென்ஸ் மீது கீழே உள்ள வெப்பக் காற்றின் ஈரம் படியும். ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவைத்தால் போதும்.

புது டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி துளை இல்லையென்றால் மலிவான ஹெச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் போடுவார்கள். டேஷ் லெவலில் எத்தனை பழகியும் தோற்பதற்கு பாதிக் காரணம் இதுதான். பிஏஎல் முறையில் திரை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும். கன்வெர்ட்டரும் டிவியுமாகச் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு நொடி தாமதித்தாலே படம் ஐந்து முறை பிந்திவிடும். டிவி செட்டிங்கில் கேம் மோடு போடுங்கள். அப்படியும் பிந்தினால் பரணில் கிடக்கும் பழைய டப்பா டிவியை இறக்குங்கள், அதில் இந்தத் தாமதமே இருக்காது.

கோடை மாலையில் ஏற்காட்டு மலைப் பக்கமிருந்து இடிமழை இறங்கினால் கரண்ட் போகும். மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் போனால் அதுவரை சேமித்ததெல்லாம் கெடலாம். இரண்டு கார்டு வைத்து, நாலைந்து லெவலுக்கு ஒரு முறை ஒன்றிலிருந்து மற்றதற்கு நகல் எடுத்து வையுங்கள். லெகோ தானாகவே சேமிக்கும் என்றாலும், சேமிக்கும் குறி திரையில் சுழலும்போது சுவிட்சை அணைக்கக் கூடாது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் லெகோவை ஸ்விட்சில் வாங்குவதே சரி. கரண்ட் போனாலும் பேட்டரியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்.