சண்டிகர் ராக் கார்டன்: வளையல் துண்டு உடுத்திய சிலைகள்

சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக் சந்த், சண்டிகர் நகரை எழுப்புவதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் கழிவுகளைச் சேகரித்து, சுக்னா ஏரிக்கு அருகிலிருந்த காட்டுப் பகுதியில் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் உருவாக்கிய ராக் கார்டன், 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சிமென்ட் உடலின் மேல் உடைந்த வளையல் துண்டுகளை நெருக்கமாகப் பதித்து ஆடையாக்கிய உருவங்களுக்காகவே இங்கு வரலாம். கிட்ட நின்று பார்த்தால், துண்டுகளின் வளைவே துணியின் மடிப்பாகத் தெரிகிறது. கழிவறைப் பீங்கானுக்கும் இங்கே மரியாதை கிடைத்திருக்கிறது. பிற்காலத்தில் கட்டப்பட்ட, ஊஞ்சல்கள் தொங்கும் மூன்றாம் பகுதி குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்றாலும், முதலிரு பகுதிகளின் அடர்த்தி அதில் இல்லை என்பதே என் கருத்து. பாதைகள் குறுகலாகவும் வாயில்கள் குனிந்து நுழையும்படியும் அமைந்திருப்பதால், முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வோர், கூட்டம் குறைவான வேலைநாளின் காலை நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.