குகை தள்ளுவண்டியின் தட்டுவடை செட்

சேலத்தில் குகை என்ற பகுதியில் சாயங்காலமானால் ஒரு தள்ளுவண்டி வந்து நிற்கும். பெயர்ப் பலகை கிடையாது. நடத்துகிறவரை வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். சேலத்தில் தெருவுக்குத் தெரு தட்டுவடை செட் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் இந்த வண்டியைத்தான் சொல்வேன்.

காரணம், அடுக்கும் முறை. அக்கா எதையும் முன்கூட்டி அடுக்கி வைப்பதில்லை. நாம் கேட்ட பிறகுதான் கை ஓடும். கீழே ஒரு தட்டுவடை, அதாவது மொறுமொறுவென்ற சின்னத் தட்டை, அதன்மேல் கெட்டியான புதினாச் சட்னி, பிறகு துருவிய பீட்ரூட், கேரட், பொடி வெங்காயம், ஒரு சொட்டு பூண்டுக் காரச் சட்னி, மூடுவதற்கு இன்னொரு தட்டுவடை. பீட்ரூட்டைத் தண்ணீர் போகப் பிழிந்துதான் வைக்கிறார். இல்லாவிட்டால் வடை நமத்துவிடும். இங்கே கடைசிக் கடி வரைக்கும் மொறுமொறு.

நான் ஆங்கில ஆசிரியை. ‘செட்’ என்ற சொல்லை நடத்தும்போதெல்லாம் இந்த வண்டியைத்தான் உதாரணம் காட்டுகிறேன். 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள். சூரியன் மறைவது, ஜெல்லி இறுகுவது, அலாரம் வைப்பது, டென்னிஸ் ஆட்டத்தின் ஒரு பகுதி எல்லாமே செட். பிள்ளைகள் பம்ப்செட், மைக்செட், ‘எங்க அண்ணன் செட்டு’ என்று தங்கள் பங்குக்கு அடுக்குவார்கள். எனக்கு அந்த வகுப்பு ரொம்பப் பிடிக்கும்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ‘கண மொழி’ என்று ஒரு பாடம் இருக்கிறது. அங்கே கணம் என்பதும் இதே செட்தான். உறுப்புகளை எப்படி மாற்றி எழுதினாலும் அதே கணம். ஒன்றையே இரண்டு முறை எழுதினாலும் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். தட்டுவடை செட்டுக்கு அது பொருந்தாது. வடை இரண்டு வேண்டும், வரிசையும் வேண்டும். அதே பொருட்களை நொறுக்கிக் கலந்து கொடுத்தால் ஊரே அதை நொறுக்கல் என்கிறது, ருசியும் வேறாகிவிடுகிறது. பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிந்துவிடும், ஏனென்றால் இரண்டையும் சாப்பிட்டவர்கள்.

நொறுக்கலில் அக்கா கொஞ்சம் பின்தங்குகிறார். சட்னி தூக்கலாகி, கிண்ணத்தில் பாதிக்கு மேல் போவதற்குள் கூழாகிவிடுகிறது. காரப்பொரி பரவாயில்லை. மாங்காய் வரும் மாதங்களில் செட்டுக்குள் மாங்காய்த் துருவல் வைத்துத் தரச் சொல்லுங்கள், அந்தப் புளிப்புக்கு ஈடில்லை.

உட்கார இடம் கிடையாது, நின்றுதான் சாப்பிட வேண்டும். பார்சல் வேண்டாம், வீடு போவதற்குள் ஊறிவிடும். ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். அப்புறம் போனால் பூண்டுச் சட்னி தீர்ந்திருக்கும்.