ஓப்பன்ஸ்னிச்: முதல் நாள் தொல்லை, அப்புறம் நிம்மதி

சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் இருக்கும் டெபியன் (லினக்ஸ் வகைகளில் ஒன்று) கணினி, யாரும் தொடாதபோதும் இணையத்தில் ஏதோ அனுப்பிக்கொண்டே இருந்தது. கடையில் கேட்டால் "எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா போட்டுடலாம்ணே, 80 வெள்ளி" என்றார்கள். அதற்கு முன்னால், வெளியே போகும் இணைப்புகளைக் கண்காணிக்கும் ஓப்பன்ஸ்னிச் என்ற புரோகிராமைப் போட்டுப் பார்த்தேன். ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது, டெபியன் 12-இன் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது.

ஒரு புரோகிராம் வெளியே இணைய முயன்றதும் பெட்டி ஒன்று எழும்பி, அது எந்தக் கோப்பு, எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டில் (இணைப்புக்கான வாசல் எண்) போகிறது என்று காட்டி, விடலாமா வேண்டாமா என்று கேட்கும். முதல் நாள் உயிரை வாங்கிவிடும், சொல்லிவிட்டேன். நான் சந்தேகப்பட்டதில் பாதி அப்பாவிகள்: போர்ட் 123 என்றால் கடிகாரத்தைச் சரிபார்ப்பது, 5353 என்றால் வீட்டுக்குள்ளேயே பிரிண்டரைத் தேடும் அவாஹி என்ற சேவை. மாட்டியது, தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் ஃபோல்டரிலிருந்து ஓடிய பேர் தெரியாத ஒன்று. ஒழுங்கான புரோகிராம் எதற்கு அங்கே குடியிருக்கப் போகிறது?

குறையும் உண்டு. உள்ளே வரும் இணைப்புகளுக்கு இப்படிப் பெட்டி வராது, அவற்றைப் பார்க்க டெர்மினலில் எஸ்எஸ் (ss) கட்டளைதான். கணினியின் முழுக் கட்டுப்பாடான ரூட் அதிகாரமே பறிபோயிருந்தால் இதையும் அணைத்துவிடுவார்கள். அப்புறம், பெட்டியில் அனுமதி தரும்போது 'எப்போதும்' என்பதை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள், 'மறுதொடக்கம் வரை' போதும்.