ஹோபி 14: நீண்ட நாள் ஓட்டிய பிறகு

முன்பாய் (பாய்மரத்துக்கு முன்னால் கட்டும் சிறு பாய்) இல்லாத கேட்டமரான், அதாவது இரட்டை உடல் பாய்ப்படகு, காற்றுக்குக் குறுக்கே திரும்பாது என்று பலரும் சொல்வார்கள். அப்படிப்பட்ட படகான ஹோபி 14 பற்றி அதிகம் கேட்கும் குறையும் அதுதான். பல சீசன் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்: திரும்பும், வேகமாகவும் போகும். ஆனால் வேகம் வேண்டும் என்று முதலில் புதுப் பாய்க்குக் காசு போட வேண்டாம். சுக்கானைப் பாருங்கள்.

1968இல் வந்த வடிவமைப்பு இது. நீளம் சுமார் 4.27 மீட்டர், எடை நூறு கிலோவை ஒட்டி, சுமார் 11 சதுர மீட்டரில் ஒரே பாய். அடியில் நீருக்குள் இறங்கி நிற்கும் பலகையான சென்டர்போர்டு கிடையாது. இரண்டு ஹல்லுக்கும் (நீரில் மிதக்கும் உடல்) வெளிப்பக்கம் தட்டை, உள்பக்கம் வளைவு. படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடித்து வைப்பது அந்த வளைவுதான். அதனால் காற்று வரும் பக்கத்து ஹல் நீரை லேசாக உரசிக்கொண்டு, மற்றது நன்றாக அழுந்திப் போகும்போதுதான் காற்றை எதிர்த்து நன்றாக ஏறும்.

சரி, சுக்கான். படகைக் கரையில் வைத்து இரண்டு சுக்கானையும் இறக்கிப் பூட்டுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் சுக்கான் பலகையின் கீழ்முனை செங்குத்தாகவோ, கொஞ்சம் முன்னோக்கியோ இருக்க வேண்டும். பின்னோக்கி ஒரு விரல் அளவு சாய்ந்திருந்தாலே கைப்பிடி கனத்துவிடும். படகு ஓயாமல் காற்றை நோக்கி இழுக்கும். கை வலிக்கும், வேகமும் போகும். அடுத்து, இரண்டு சுக்கானையும் இணைக்கும் நடுக்கம்பியை நேராகப் பிடித்துக்கொண்டு, இரண்டு பலகைகளின் முன்விளிம்புகளுக்கு இடையே அளந்து, பின்விளிம்புகளுக்கு இடையேயும் அளந்துபாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்கலாம், முன்பக்கம் 2, 3 மில்லிமீட்டர் குறைந்தாலும் சரி. அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் இரண்டு சுக்கானும் ஒன்றையொன்று எதிர்த்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும். சுக்கானைப் பிடிக்கும் ஆணிகளும், அவை உட்காரும் புஷ் வளையங்களும் எந்தப் படகிலும் தேயும். ஆட்டம் தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். என் படகில் பெரிய மாற்றம் தெரிந்தது இந்தச் சின்ன வேலைக்குப் பிறகுதான்.

பாய்மரத்தின் சாய்வை இதற்கு அப்புறம் தொடுங்கள். மரத்தைத் தாங்கும் முன்கம்பியை நீட்டி, பக்கக் கம்பிகளைக் குறைத்தால் மரம் பின்னால் சாயும். காற்றை எதிர்த்துப் போக அது நல்லது. காற்றோடு ஓடும்போது மூக்கு நீரில் குத்துவதும் குறையும். ஆனால் சாயச் சாயப் படகு காற்றை நோக்கி இழுப்பது கூடும், அதைச் சமாளிக்கத்தான் சுக்கான் சரியாக இருக்க வேண்டும் என்றேன். எல்லையும் உண்டு: பாயின் பின்விளிம்பு இறுகுவதற்கு முன்பே மெயின்ஷீட்டின் (பாயை இழுத்து இறுக்கும் கயிறு) மேல், கீழ்க் கப்பிகள் இரண்டும் முட்டிக்கொண்டால், சாய்வு அதிகம். கம்பிகளை மரம் தாராளமாகச் சுழலும் அளவுக்குத் தளர்வாக விடுங்கள். காற்று மெல்லியதாக இருக்கும்போது, திரும்பியதும் மரம் சுழன்றதா என்று நிமிர்ந்து பாருங்கள். சுழலாவிட்டால் கையால் தள்ளிவிடுங்கள்.

பாயில் எனக்குப் பிடித்த கயிறு, அதன் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் டவுன்ஹால். இளங்காற்றில் சுருக்கம் மறையும் அளவுக்கு இழுத்தால் போதும். காற்று ஏற ஏற நன்றாக இழுங்கள். பாயின் வயிறு முன்னால் நகரும், மேல்பகுதி திறந்து அதிகப்படிக் காற்றைக் கழித்துவிடும். பாயை விறைப்பாக வைக்கும் பட்டைகளான பேட்டன்களை, நெடுக்குச் சுருக்கம் போகும்வரை மட்டும் இறுக்கினால் போதும்.

இனி திரும்புவது. முதலில் நல்ல வேகம் வேண்டும். அலைக்குப் பின்னால் கொஞ்சம் தட்டையான நீர் கிடைக்கும்வரை பொறுங்கள். மெயின்ஷீட்டை இறுக்கி, சுக்கானை மெதுவாகத் திருப்பத் தொடங்குங்கள். சட்டென்று முழுக்கத் தள்ளினால் அது பிரேக் போட்டது போலத்தான். மூக்கு காற்றுக்கு நேராக வரும்போது உடம்பைப் பின்னால் கொண்டுபோங்கள். மூக்குகள் தூக்கி, படகு பின்பக்கத்தைச் சுற்றிச் சுழலும். அதே நொடியில் ஷீட்டை ஓரிரு அடி தளர்த்துங்கள். இதைச் செய்யாமல்தான் பலருக்கும் படகு காற்றுக்கு நேரே நின்றுவிடுகிறது. இறுகிய பாய் மூக்கைத் திரும்பவும் காற்றுக்கே தள்ளும். மூக்கு புதுப் பக்கம் திரும்பி, பேட்டன்கள் மறுபக்கம் வளைந்ததும், முன்னால் நகர்ந்து நிதானமாக இறுக்குங்கள். மீறி நின்றுவிட்டாலும் பதற்றம் வேண்டாம். படகு பின்னால் நகரத் தொடங்கும். சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பி, பாயைக் கையால் வெளியே தள்ளிப் பிடித்தால் அதுவே திரும்பிக்கொடுக்கும்.

காற்றோடு போகும்போது நேராக ஓடாமல், கொஞ்சம் கோணத்தில் வளைந்து வளைந்து போங்கள். தூரம் கூடினாலும் வேகம் அதை ஈடுகட்டிவிடும். மெயின்ஷீட்டின் கீழ்முனையைப் பக்கவாட்டில் நகர்த்தும் டிராவலரை வெளியே விட்டு, பலத்த காற்றில் பின்னால் உட்காருங்கள்.

ஒருவர் ஓட்ட இது அருமையான படகு. பெரியவர்கள் இரண்டு பேர் ஏறினால் ஹல்கள் அதிகம் அழுந்தி, திரும்பும்போது நீரிலேயே நின்றுவிடும். ஜோடியாகப் போகவேண்டும் என்பவர்கள் முன்பாய் உள்ள பெரிய படகைப் பாருங்கள்.