மயில்துத்தம் செய்யத் தாமிரக் கம்பியா, கறுப்புப் பொடியா?

பள்ளிக் கண்காட்சிக்கு மயில்துத்தப் படிகம், அதாவது காப்பர் சல்ஃபேட், வளர்க்க வேண்டியிருந்தது. சுண்ணாம்போடு சேர்த்து போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி செய்ய விவசாயிகள் வாங்குகிற அதே சரக்குதான், கடையிலேயே கிடைக்கும். ஆனால் பிள்ளைகளே செய்வதாக ஒப்புக்கொண்டாயிற்று. கந்தக அமிலம் எப்படியும் வேண்டும். தாமிரத்தை எந்த உருவில் சேர்ப்பது?

பழைய ஒயரைச் சீவிப் போடலாமே என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். துத்தநாகமோ இரும்போ என்றால் நீர்த்த அமிலமே போதும்; ஹைட்ரஜன் குமிழியிட்டு வெளியேறும், சல்ஃபேட் உப்பு மிஞ்சும். அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியே தள்ளும் வலு தாமிரத்துக்குக் கிடையாது. கம்பி சும்மா கிடக்கும். அடர் அமிலத்தில் போட்டுச் சூடாக்கினால் கரையும்தான், ஆனால் நெஞ்சை அடைக்கும் கந்தக டைஆக்சைடும் கூடவே வரும். 6.35 கிராம் தாமிரத்துக்கு 19.6 கிராம் அமிலம் செலவு. அதில் பாதிதான் உப்பில் சேர்கிறது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த வேலை வேண்டாம்.

நான் எடுத்தது கறுப்புக் காப்பர் ஆக்சைடு. அது காரம் என்பதால் உப்பும் தண்ணீரும் மட்டுமே வரும், வாயுத் தொல்லை இல்லை. 8 கிராம் பொடி கரைய 9.8 கிராம் அமிலம் போதும். கணக்குப்படி 25 கிராம் படிகம். கையில் கிடைப்பது கொஞ்சம் குறையும்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் பட்டது, மிச்சப்படுவதை என்ன செய்வது என்பது. கரைசலைச் சுண்ட வைக்கும்போது தண்ணீர்தான் ஆவியாகும், அமிலம் போகாது. கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் சுண்டச் சுண்ட அது அடர்ந்துகொண்டே வந்து, படிகம் பிசுபிசுக்கும், துடைக்கிற தாள் கருகும். சோடியம் ஹைட்ராக்சைடு மாதிரி கரைகிற காரமாக இருந்தால் பியூரெட்டும் நிறங்காட்டியும் வைத்துச் சொட்டுச் சொட்டாக அளக்க வேண்டும். ஆக்சைடு தண்ணீரில் கரையாது. வெதுவெதுப்பான நீர்த்த அமிலத்தில் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் கலக்கி, கறுப்பு அடியில் தங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடலாம். அமிலம் தீர்ந்துவிட்டது. அப்புறம் வடிகட்டினால் சரி.

பச்சைக் காப்பர் கார்பனேட்டிலும் இந்த வசதி உண்டு, நுரை நின்றாலே முடிந்தது என்று தெரியும். ஒரே தடவைதான் செய்திருக்கிறேன். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டியதில் பீக்கர் பொங்கி மேசையெல்லாம் நீலம். நிதானமாகப் போட்டால் ஆக்சைடுக்குச் சமமாக வரலாம்.

சுண்டும் கரைசலில் கண்ணாடிக் கம்பியைத் தோய்த்து எடுத்து, ஆறியதும் அதில் படிகம் படிந்தால் அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஒரு குழு மறந்துபோய் வற்றவிட்டு, எல்லாம் வெள்ளைப் பொடியாகிவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் அது நீலமானதைப் பார்க்கத்தான் கண்காட்சியில் கூட்டம் கூடியது.