குளிரில் எங்கே நடப்பது: ஸ்டார்வ்ட் ராக்கா, மாத்திசனா, வாட்டர்ஃபால் க்ளென்னா?

சிகாகோ புறநகரான நேப்பர்வில், அரோரா பக்கம் இருக்கிற நம்மவர்களிடம் ஜனவரியில் ஒரு நாள் ஹைக் எங்கே போகலாம் என்று கேட்டால், யோசிக்காமல் வரும் பதில் ஸ்டார்வ்ட் ராக். தப்பில்லை. ஆனால் குளிர்காலத்தில் எந்த இடம் அழகு என்ற கேள்வியே இரண்டாம் பட்சம்தான். முந்தைய ஒரு வாரம் வெயில் அடித்ததா, ராத்திரி எத்தனை டிகிரிக்கு இறங்கியது என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் பார்த்த உறைந்த அருவி போன வாரத்து அருவி, நீங்கள் போகும்போது அது வெறும் சொட்டு நீராக இருக்கலாம்.

முதலில் பெரியவர். ஸ்டார்வ்ட் ராக் 1911-இல் ஸ்டேட் பார்க் ஆனது, சிகாகோவிலிருந்து தென்மேற்கே சுமார் ஒன்றரை மணி நேர டிரைவ். இல்லினாய் ஆற்றங்கரையில் மணற்கல்லை ஓடைகள் அறுத்து உண்டாக்கிய 18 கேன்யன்கள் (குறுகலான பாறைப் பள்ளத்தாக்குகள்), 13 மைல் அளவுக்கு ட்ரெயில்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. தொடர்ந்து சில நாட்கள் 32 டிகிரிக்குக் (இங்கே எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு, 32 என்றால் உறைநிலை) கீழேயே இருந்தால் பாறை இடுக்கில் கசியும் தண்ணீர் தூண் தூணாக உறைந்து நிற்கும். லாசால் கேன்யனில் அருவிக்குப் பின்னால் நடந்து போக இடம் உண்டு. உறைந்த திரைக்கும் பாறைக்கும் நடுவில் நின்று வெளியே பார்த்தால் வெளிச்சம் ஐஸுக்குள் வடிகட்டி வருகிறது, பக்கத்தில் போனால் அந்த ஐஸ் வெள்ளையாகக்கூட இல்லை, மணற்கல்லின் பழுப்பும் மஞ்சளும் ஊறிய நிறம். சில கேன்யன்களில் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு கயிறும் கோடரியுமாக ஐஸ் ஏறுகிறவர்களும் உண்டு.

இதன் தொல்லை கூட்டம். வருஷத்துக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் வருகிற இடம், குளிரிலும் சனி ஞாயிறு பார்க்கிங் நிறைகிறது. கூட்டம் வந்தால் என்ன என்கிறீர்களா? நூற்றுக்கணக்கான பூட்ஸ் மிதித்த பனி இறுகி, பகலில் லேசாக உருகி, ராத்திரி மறுபடி உறைந்தால் படிக்கட்டு முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். விசிட்டர் சென்டரிலிருந்து மிக அருகில் இருப்பதால் எல்லோரும் முதலில் ஓடுவது ஃப்ரெஞ்ச் கேன்யனுக்கு, அதன் குறுகலான வாயில்தான் வழுக்கலில் முதல் பரிசு. காலில் ஸ்பைக் மாட்டாமல், கைப்பிடிக்க ஒன்றுமில்லாத அந்த இடத்தில் உட்கார்ந்தே சறுக்கி இறங்குபவர்களை வாரா வாரம் பார்க்கலாம்.

ஆனால் இங்கே கழுகுகள் உண்டு, மற்ற இரண்டு இடத்திலும் இப்படிக் கிடையாது. வடக்கே ஏரிகள் உறைந்துபோனதும் வெண்தலைக் கழுகுகள் தெற்கே இறங்குகின்றன. இங்குள்ள அணைக்குக் கீழே தண்ணீர் புரண்டுகொண்டே இருப்பதால் உறைவதில்லை, மீனுக்குப் பஞ்சமில்லை. ஐஸ் சரியாகப் பிடிக்காத வாரத்தில்கூட மேட்டுப் பாதையின் காட்சி மேடைகளில் பைனாகுலரோடு நின்றால் பயணம் வீணாகாது. சாப்பிட, சூடேற்றிக்கொள்ள 1930-களில் கட்டிய பழைய லாட்ஜ் இருக்கிறது, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அங்கே கணப்பு அருகில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஒரு சுற்று போய் வரலாம்.

அடுத்தது மாத்திசன், 178-ஆம் ரூட்டில் அப்படியே சில மைல் தெற்கே. அதே மணற்கல், அதே அருவி, கூட்டம் மட்டும் பாதிகூட இல்லை. இது அந்தக் காலத்தில் ஒரு தொழிலதிபரின் சொந்தத் தோட்டமாக இருந்தது. கார் நிறுத்தும் இடத்தில் பழங்காலக் கோட்டை போலக் கட்டிய ஒரு மாதிரி வடிவம், அதன் பக்கத்தில் நீளமான படிக்கட்டு, இறங்கினால் டெல்ஸ் என்ற கேன்யன். 45 அடி கேஸ்கேட் அருவி இதில்தான். இங்கே ஒரு முக்கிய விஷயம்: கீழே பல இடங்களில் ஓடையேதான் பாதை. நன்றாக உறைந்திருந்தால் ஓடை மேலேயே நடந்து அருவியின் காலடிக்குப் போகலாம், அதற்கு ஈடு எதுவும் ஸ்டார்வ்ட் ராக்கில் எனக்குக் கிடைத்ததில்லை. பாதி உறைந்திருந்தால் ஐஸ் உடைந்து கால் கணுக்கால் வரை தண்ணீருக்குள் போகும். ஆழமில்லை, ஆனால் 20 டிகிரியில் நனைந்த சாக்ஸோடு அந்தப் படிக்கட்டை ஏறுவது என்ன சுகம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதனால் கடுங்குளிர் வாரம் என்றால் என் ஓட்டு மாத்திசனுக்கே. அரைகுறைக் குளிர் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வாட்டர்ஃபால் க்ளென்னை இவற்றோடு ஒப்பிடுவதே அநியாயம் என்பார்கள். டூபேஜ் கவுண்டியின் வனப்பாதுகாப்பு நிலம் இது, ஆர்கான் ஆய்வுக்கூடத்தைச் சுற்றி வரும் 9.5 மைல் வட்டப் பாதை. வாட்டர்ஃபால் என்பது அருவியே இல்லை, அந்த வனப்பாதுகாப்பு வாரியத்தின் பழைய தலைவர் ஒருவரின் குடும்பப் பெயர்! அருவி ஒன்று உண்டு, ஆளுயரம்கூடத் தேறாது, பார்த்துவிட்டு நகரலாம். ஆனால் பாதை அகலமான பொடிக்கல் பாதை. வெளியே 38 டிகிரி, நேற்று மழை, மற்ற இரண்டு இடமும் சேறும் ஐஸுமாக இருக்கும் நாளில் இங்கே ஓரளவு நிம்மதியாக நடக்கலாம். நினைத்த நேரத்தில் திரும்பலாம், குழந்தைகள் இருந்தால் இது பெரிய விஷயம். லெமான்ட் ராமர் கோயில் பக்கத்திலேயே இருப்பதால் நடையை முடித்து நேராக தரிசனம், அப்புறம் கேன்டீன் தோசை. ஸ்டார்வ்ட் ராக் போகிறவர்கள் கட்டிச்சோறு என்று புளியோதரையைத் தூக்கிப் போவதைப் பார்க்கிறேன், பத்து மணிக்கே அது கல்லாகிவிடும். ஃபிளாஸ்கில் சூடான ரசமோ சாம்பார் சாதமோ கொண்டுபோங்கள்.

மூன்றுக்கும் பொதுவானது இருட்டு. டிசம்பரில் நாலரைக்கே சூரியன் மறையும், கேன்யனுக்குள் அதற்கு முன்பே வெளிச்சம் போய்விடும், போனும் குளிரில் திடீரென்று அணைந்துவிடும். அதனால் போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், மேப்பை விசிட்டர் சென்டரில் காகிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டார்வ்ட் ராக்கும் மாத்திசனும் ஒரே நாளில் வேண்டும் என்றால் காலையில் முதலில் ஸ்டார்வ்ட் ராக், பதினொரு மணிக்குக் கூட்டம் ஏறும்போது மாத்திசனுக்கு நகர்ந்துவிடுங்கள், மாறிப் போனால் மத்தியானம் பார்க்கிங் தேடியே பொழுது போய்விடும்.